செங்கோடன் வைத்த மஞ்சள் பொட்டு

வேலையை விட்டுப் போகிறவர்கள் சொல்லும் காரணங்கள் மொத்தம் பதின்மூன்று என்று பிரீத்திகாவின் கம்பெனி முடிவு செய்து வைத்திருந்தது. சம்பளம் போதவில்லை, வேறு இடத்தில் கூடத் தருகிறார்கள், மேலாளரோடு ஒத்துப்போகவில்லை, வீடு தூரம், ஷிப்ட் ஒத்துக்கொள்ளவில்லை, மேல்படிப்பு, கல்யாணம், பிள்ளைப்பேறு, உடம்பு சரியில்லை என்று வரிசையாகப் போய், கடைசியில் பதின்மூன்றாவதாக ‘சொந்தக் காரணம்’ என்று நிற்கும். பீளமேட்டில் ஏழாவது மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, போகிறவர்களிடம் இந்தப் பாரத்தை நீட்டி டிக் போடச் சொல்வதுதான் அவளுக்கு வேலை. மூன்று வருஷத்தில் இருநூறு பேருக்கு மேல் நீட்டியிருப்பாள். அதில் நூற்றைம்பது பேராவது கண்ணை மூடிக்கொண்டு பதின்மூன்றில் டிக் போட்டுவிட்டுப் போனார்கள். போகிற நேரத்தில் எதற்குப் பொல்லாப்பு என்று நினைக்கிற ஜனங்கள்தான் இந்த ஊரில் அதிகம்.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு எதிரே மனோஜ்குமார் என்ற பையன் உட்கார்ந்திருந்தான்.

“ஏதாச்சும் பிரச்சனைங்களா மனோஜ்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். எல்லாரும் நல்லாத்தானே பாத்துக்கிட்டீங்க.”

“அப்பறம் ஏன் போறீங்க?”

“சும்மாதானுங்க. ஊட்டுல கொஞ்சம்…”

மூன்று மாதமாக அவனுடைய டீம் லீடர் அவனை ஒரு மீட்டிங்குக்கும் கூப்பிடவில்லை என்பது பிரீத்திகாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அவன் பதின்மூன்றில் டிக் போட்டான். அப்போதுதான் மேஜைமேல் கிடந்த போன் அதிர்ந்தது. அம்மா. ஆபீஸ் நேரத்தில் பழனாத்தாள் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது.

“அம்மணி, உங்கப்பா வேலையிலருந்து நின்னுபோட்டு வந்துட்டாரு” என்றாள் அம்மா.

“என்னம்மா சொல்றீங்க? ஆரு நிறுத்துனாங்க?”

“ஆரும் நிறுத்துல கண்ணு. அவரே நின்னுக்கறேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டாரு. பதனோரு மணிக்கே ஊட்டுக்கு வந்துட்டாரு. போசில கொண்டுபோன சோறு அப்படியே இருக்குது. கேட்டா வாயே தொறக்க மாட்டீங்கறாரு.”

செங்கோடனுக்கு ஐம்பத்து நான்கு வயது. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தொன்பது வருஷமாக வேலை. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்பு நாலு லேத்து இருந்த இடத்தில் இப்போது நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே அவர் டெஸ்டிங் மேடையில் நிற்கிறவர். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போகிற மோட்டார்கள் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது, கரண்டு எவ்வளவு இழுக்கிறது என்பதை மீட்டர் காட்டிவிடும். பேரிங் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் மீட்டர் காட்டாது. அதற்கு அவரிடம் ஒரு நீளமான திருப்புளி இருந்தது. அதன் முனையை ஓடுகிற மோட்டாரின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குக் கீழே எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். நன்றாக இருந்தால் மஞ்சள் பெயிண்டைத் தொட்டு மோட்டாரின் தலையில் ஒரு பொட்டு வைப்பார். அன்னூர்ப் பக்கத்தில் சில விவசாயிகள் கடையில் மோட்டார் எடுக்கும்போது பொட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்த மனுஷன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

பிரீத்திகா அரை நாள் லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். ஆடிக் காற்று வண்டியை ஓரமாகத் தள்ளியது. கணபதிக்குள் நுழைந்ததும் வழக்கம்போல இரும்புத்தூள் வாசமும் லேத்துச் சத்தமும் எதிர்கொண்டன. வீட்டு வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. மத்தியான நேரத்தில் அந்தச் செருப்பை அங்கே பார்த்ததும் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அன்று நல்ல தண்ணீர் விடுகிற நாள். பழனாத்தாள் குடத்துக்கும் அடுப்புக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருந்தாள். மனசு சரியில்லாத நாளில் அந்த வீட்டில் அரிசிம்பருப்புதான். குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது. செங்கோடன் அடுப்படிக்கு இரண்டடி தள்ளி நாற்காலியில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் குழாயில் தண்ணீர் வழிந்தோட, பழனாத்தாள் குக்கர் பக்கத்திலேயே நின்று விசில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நான் போய்க் கொடம் மாத்தறனுங்கம்மா” என்று பிரீத்திகாதான் ஓடினாள்.

சாப்பிடும்போது பழனாத்தாள் கணவருக்கு நெய் விட்டாள். அவருக்கு வலது பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டு, முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

“ஏனுங்க, இப்பவாச்சும் சொல்லுங்க. என்னதானுங்க ஆச்சு?”

“முட்டி வலிக்குது” என்றார் செங்கோடன்.

“நேத்து வரைக்கும் வலிக்கலியேங்க?”

“இன்னிக்கு வலிக்குது.”

சாயங்காலம் அன்னூரிலிருந்து பெரியப்பா காளிச்சாமி போன் பண்ணினார். செங்கோடன் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துத்தான் பேசுவார். காளிச்சாமி விசாரித்தது சந்து முழுக்கக் கேட்டது.

“ஏன்டா, சம்பளம் கிம்பளம் ஏதாச்சும் கொறச்சுட்டாங்களா?”

“ஆமாங்கண்ணா. அதேதானுங்க. கட்டுபடியாகலீங்க.”

பழனாத்தாள் மகளைப் பார்த்தாள். சம்பளம் போன தைக்குத்தான் ஏறியிருந்தது. மறுநாள் காலையில் எதிர்வீட்டு சுப்பாத்தாள் கோலப்பொடி டப்பாவோடு வந்து கேட்டபோது, கம்பெனியை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்கள், அவ்வளவு தூரம் தினமும் போய் வர முடியாது என்றார். கம்பெனி எங்கேயும் மாறவில்லை. கேட்ட மூன்று பேருக்கும் மூன்று காரணம் சொல்லி முடித்துவிட்டு, அவர் பாட்டுக்குப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இதில் பிரீத்திகா தேறினவள். ஆளுக்கொரு காரணம் சொல்கிறவர் உண்மைக் காரணத்தைப் பத்திரமாக உள்ளே வைத்திருக்கிறார் என்று அர்த்தம். சனிக்கிழமை காப்பியோடு அப்பாவின் எதிரே உட்கார்ந்து, ஆபீஸ் பாரத்தை மனப்பாடமாக ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

“சம்பளமுங்களா?”

“இல்ல.”

“மேல இருக்கறவங்களோட சண்டைங்களா?”

“சண்டையா? மொதலாளித் தம்பி எனக்கு முன்னால ஒக்காரக்கூட மாட்டாரு.”

“வேற கம்பெனியில கூப்பிட்டாங்களா?”

“ஆரு கூப்பிடறா.”

“ஒடம்பு ஏதாச்சும் பண்ணுதுங்களா?”

இதற்கு மட்டும் அவர் டம்ளரைக் கையில் எடுத்தார். காப்பியை ஆற்றினார்.

“ஏங்கண்ணு, இதையெல்லாம் கேட்டு உம்பட ஆபீசுல என்ன பண்ணுவீங்க?”

“கம்ப்யூட்டர்ல ஏத்தி வெப்பமுங்கப்பா.”

“ஏத்தி?”

“ஏத்தி… வெச்சுருப்பமுங்க.”

“போனவன் போனவன்தானே?”

“ஆமாங்கப்பா.”

“அப்பறம் என்னத்துக்கு அம்மணி கேட்டுட்டு” என்று சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. இருபத்தொன்பது வருஷம் காலையில் எட்டு மணிக்குப் போசியோடு கிளம்பின மனுஷன். ஞாயிற்றுக்கிழமையில்கூட என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக் குழாயை எல்லாம் கழற்றி மாட்டுகிறவர். இனி தினமும் ஞாயிற்றுக்கிழமை என்றால் இவர் என்ன ஆவார் என்பதுதான் அவளுக்கு வெசனமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி அருண்குமார் வீட்டுக்கே வந்துவிட்டான். முப்பத்தாறு வயது. செங்கோடனை வேலைக்குச் சேர்த்தவரின் மகன். பழக்கூடையும் கையுமாக வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, “செங்கோடண்ணா” என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். அவனை வண்டியில் கூட்டி வந்த ஆசிப் வெளியிலேயே நின்றுகொண்டான். ஆசிப், செங்கோடனோடு பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவன், பேரிங் மாட்டுகிறவன். வழக்கமாக வந்தால் நேராக அடுப்படி வரைக்கும் வந்து “அக்கா, என்ன கொழம்புங்க” என்று கேட்கிறவன், அன்று வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பழனாத்தாள் சந்தகை பிழிந்திருந்தாள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமாக முதலாளிக்குத் தட்டில் வைத்தாள்.

“வாங்க தம்பி, ஒக்காருங்க, ஒக்காருங்க” என்றார் செங்கோடன். சேரிலிருந்து எழுந்தேவிட்டார்.

“நீங்க ஒக்காருங்கண்ணா மொதல்ல.”

“நீங்க ஒக்காருங்க தம்பி.”

இரண்டு பேரும் உட்காரவே ஐந்து நிமிஷம் ஆனது. அருண்குமார் நாற்காலியை இழுத்து அப்பாவின் வலது பக்கமாகப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். பிரீத்திகா அதைக் கவனித்தாள்.

“அண்ணா, நம்மகிட்ட ஏதாச்சும் கொறைங்களா?”

“அய்யோ, கொறையா? என்னங்க தம்பி இப்படிக் கேட்டுப்போட்டீங்க! பெரியவரு காலத்துலருந்து உங்க சோத்தத் தின்னவனுங்க நான். முட்டிதானுங்க, வேறொண்ணுமில்லீங்க.”

“முட்டிக்கு ஒரு நல்ல நாற்காலி போட்டுறலாமுங்கண்ணா. நீங்க எந்திரிக்கவே வேண்டாமுங்க. ஒக்காந்த எடத்துலயே பாத்துப் பொட்டு வெச்சா போதுமுங்க.”

“நாற்காலி போட்டா நல்லாத்தானுங்க இருக்கும். இருந்தாலும் வயசாயிருச்சுங்களே.”

“உங்களுக்கென்னங்கண்ணா வயசு! இன்னும் பத்து வருசத்துக்கு உங்க கை இல்லாம நம்ம மோட்டாரு வெளிய போகாதுங்க.”

செங்கோடன் அவனையே பார்த்தார். என்னவோ சொல்லப்போகிறவர்போல வாயைத் திறந்தார். பிறகு, “சந்தகை ஆறிப்போகுதுங்க தம்பி, சாப்பிடுங்க” என்றார்.

பிரீத்திகாவுக்கு அந்தப் பேச்சு நன்றாகப் பழகின பேச்சாக இருந்தது. அவளுடைய கண்ணாடி அறையில் தினமும் நடப்பதுதான். இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய், நடுவில் மரியாதை. ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. அப்பாவின் வலது பக்கம்தான் உட்கார வேண்டும் என்பது அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தாள். அவர்கள் இரண்டு பேருமே அதை வாய்விட்டுப் பேசிக்கொண்டது கிடையாது. முதலாளிக்கு யார் சொன்னது?

ஒரு தட்டில் சந்தகை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

“ஆசிப் அண்ணா, உள்ள வரலீங்களா?”

“இல்ல பாப்பா, இங்கயே இருக்கறேன்.” தட்டை வாங்கிக்கொண்டான். சாப்பிடவில்லை.

“எங்கப்பா ஏன் நின்னாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

ஆசிப் வீட்டுப் பக்கம் பார்த்தான். தட்டை வண்டி சீட்டின் மேல் வைத்தான்.

“எல்லாம் என்னாலதான் பாப்பா” என்றான். “போன வருசம் வைகாசியில அன்னூருக்குப் போன மோட்டாரு ஒண்ணு எட்டே நாள்ல நின்னுபோச்சு. பேரிங் கத்திட்டுக் கெடந்துருக்குது. அண்ணன் பொட்டு வெச்ச மோட்டாரு. அந்தத் தோட்டத்துக்காரரு நல்ல மனுசரு, ஒண்ணுஞ் சொல்லாம மாத்திக் குடுங்கன்னு கொண்டாந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. அப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது, அண்ணனுக்குக் காது செரியா கேக்கறதில்லன்னு.”

“அப்பறமுங்க?”

“அப்பறம் என்ன. மொதலாளி சொன்னாரு, அண்ணங்கிட்டப் போயி இத எப்படிச் சொல்றது, மனசு ஒடஞ்சுபோவாரு, அவரு அஞ்சரைக்குக் கெளம்புனதுக்கப்பறம் நீ ஒருக்கா எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துருன்னு. தெனமும் பாப்பேன். கெட்டது இருந்தா பேரிங்க மாத்திட்டு, இருந்த எடத்துலயே வெச்சுருவேன். அண்ணன் வெச்ச பொட்டு அப்படியேதான் இருக்கும். நாங் கை வெச்சதே தெரியாது. பதினாலு மாசமா ஆருக்கும் தெரியாது.”

“எங்கப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?”

“புதங்கெழம மழை வந்துது பாரு, அண்ணன் கொடைய மறந்துட்டுப் போயிட்டாரு. பாதி தூரம் போயித் திரும்பி வந்துருக்காரு. நான் மோட்டாரு ஓட்டிட்டு நிக்கறேன், பாத்தா வாசப்படிகிட்ட நனஞ்சுபோயி நிக்கறாரு. எத்தன நேரமா நின்னாருன்னே தெரியல. நான் வெச்ச பொம்ம மாதிரி அப்படியே நின்னுட்டேன். ஒரு வார்த்த திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல பாப்பா. கொடைய எடுத்துக்கிட்டு, ‘மழையில பாத்துப் போ ஆசிப்பு’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

ஆசிப் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிரீத்திகாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று பார்த்தாள், வரவில்லை. அவளுக்குக் குக்கர்தான் ஞாபகம் வந்தது.

முன்பெல்லாம் அடுப்பில் குக்கர் வைத்தால் விசில் எண்ணுவது அப்பாவின் வேலை. பேப்பர் படித்துக்கொண்டே “மூணு” என்பார். அம்மா வந்து நிறுத்துவாள். ஒருநாள் ஏழு விசில் போய்ப் பருப்பு அடிப்பிடித்தது. அடுத்த நாளிலிருந்து “நீங்க இருங்க, நானே பாத்துக்கறேன்” என்று அம்மா அடுப்பை விட்டு நகர்வதில்லை. பிரீத்திகாவும் ஒரு வருஷமாக அப்பாவுக்குப் போன் பண்ணுவதை விட்டுவிட்டு வாட்ஸப்பில்தான் எழுதுகிறாள். டிவி அலறினால் இரண்டு பேரும் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். கம்பெனியில் ஆசிப் செய்த வேலையைத்தான் வீட்டில் அவளும் அம்மாவும் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை.

அருண்குமார் விடைபெறவே கால் மணி நேரம் ஆனது. “யோசிச்சுச் சொல்லுங்கண்ணா, உங்க எடம் அப்படியே இருக்குமுங்க” என்றான். “உங்களுக்குச் சொல்லாம நான் வேறெங்க போகப்போறனுங்க” என்றார் இவர். வண்டி சந்து திரும்புகிற வரைக்கும் செங்கோடன் வாசலிலேயே கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் பிரீத்திகா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறையும் பாதியில் நிறுத்தினாள். இருநூறு பேரிடம் காரணம் கேட்டவளுக்கு ஒரே ஒரு ஆளிடம் ஒரு காரணத்தைச் சொல்ல வரவில்லை.

“அப்பா, உங்களுக்குக் காது கேக்கறதில்லீங்க” என்றாள் உரக்க.

“ஏ பிரீத்தி!” என்று பழனாத்தாள் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். “அப்பாகிட்டப் பேசற பேச்சா இது? வாயக் கழுவு.”

“அவளை உடு” என்றார் செங்கோடன். “நீ சொல்லு கண்ணு.”

“ஆசிப் அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாருங்கப்பா.”

அவர் தலையை ஆட்டினார். பழக்கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். கோபமே இல்லாமல், யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறவர்போலச் சொன்னார்.

“கேக்கறதில்லன்னு எனக்குத் தெரியாம இருக்குமா கண்ணு? தெரியும். முன்னமாதிரி இல்லன்னு தெரியும். இருந்தாலும் எலும்புல தட்டறது தெரியுது, கையில அதிர்ரது தெரியுது, பாத்துக்கலாம்னு இருந்தேன். நான் பொட்டு வெச்ச மோட்டாரு ஒண்ணுகூடத் திரும்பி வரல. பரவால்ல, செங்கோடன் இன்னும் சமாளிச்சுத் தாட்டறான்னு நானே நெனச்சுட்டு இருந்தேன். ஒரு வருசமா, தெனமும் ராத்திரி படுக்கறப்ப அதத்தான் நெனப்பேன். அன்னிக்கு அங்க நின்னு பாக்கறேன், நான் பொட்டு வெச்சதையெல்லாம் வரிசையா எடுத்து ஓட்டிட்டு இருக்கறான். அப்ப நான் எட்டு மணியிலருந்து அஞ்சரை வரைக்கும் அங்க நின்னு என்னதான் கண்ணு பண்ணிட்டு இருந்தேன்? கொழந்தைக்கு வெளையாட்டுச் சாமான் குடுத்து ஒக்கார வெப்பாங்கல்ல, அப்படித்தானே என்னைய வெச்சுருந்தாங்க?”

பழனாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அவங்க நல்லதுக்குத்தான் பண்ணுனாங்க. கெட்டவன் ஒருத்தன் இருந்தா சண்ட போட்டுட்டு வந்துருப்பேன். அல்லாரும் நல்லவங்க. நல்லவங்ககிட்டப் போயி என்னன்னு சொல்லி நிக்கறது? அதுதான் முட்டின்னு சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “அன்னிக்கு ஊட்டுக்கு வந்தப்பறந்தான் அதுவும் தோணுச்சு. குக்கரையும் நீங்க எங்கிட்டருந்து வாங்கிக்கிட்டீங்க.”

பழனாத்தாள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். “நான் அப்படி நெனைக்கலீங்க, சத்தியமா நெனைக்கலீங்க” என்றாள். அவர் அவளைப் பார்த்து, “அட, போச்சாது உடு புள்ள” என்றார்.

“எத்தன?” என்று மகளைக் கேட்டார் பிறகு.

“என்னதுங்கப்பா?”

“எத்தன மோட்டாரு மாத்துனானாம்?”

அதை ஆசிப்பிடம் அவள் கேட்டிருக்கவில்லை. அப்பாவின் முன்னாலேயே போன் பண்ணிக் கேட்டாள். ஆசிப் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“பதினொண்ணாமுங்கப்பா” என்றாள். குறைத்துச் சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை.

“பதினொண்ணு” என்றார் செங்கோடன். விரல்களைப் பார்த்துக்கொண்டார். “பதினொரு குடும்பம். செரி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகோணும், சொல்லு.”

செவ்வாய்க்கிழமை காலையில் போனார்கள். காது பரிசோதிக்கிற பெண்ணின் பெயர் மேக்னா, பிரீத்திகாவைவிடச் சின்னவள். அப்பாவை ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

“ஐயா, சத்தம் ரொம்பச் சின்னதாத்தான் வருமுங்க. கேட்டா மட்டும் இத அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. செரிங்களா?”

“செரிங்கம்மணி.”

வெளியே மேக்னாவின் பக்கத்தில் பிரீத்திகா உட்கார்ந்தாள். மேக்னா ஒவ்வொரு சத்தமாக அனுப்பினாள். அப்பா அமுக்கினார். இன்னும் சின்னதாக அனுப்பினாள். அமுக்கினார். பிரீத்திகாவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது. மேக்னா புருவத்தைச் சுருக்கினாள். கையை மிஷினிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா அமுக்கினார்.

மேக்னா சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். “ஐயா, நான் சத்தமே குடுக்கலீங்க. அதுக்குள்ள அமுக்கிட்டீங்க.”

செங்கோடன் வெட்கப்பட்டுப் போனார். “இல்லீங்கம்மணி… நீங்க அத்தன மெனக்கெட்டு என்னென்னமோ திருப்பிட்டு என்னையவே பாக்கறீங்க. கேக்கலைன்னு சும்மா ஒக்காந்திருந்தா, பாவம், உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமேன்னு…”

பிரீத்திகா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போய் அப்பாவின் வலது காதுப் பக்கம் ஹெட்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“அப்பா, ஆசிப் அண்ணன் உங்களுக்கு என்ன பண்ணுனாரோ, அதையேதான் நீங்க இந்தப் புள்ளைக்குப் பண்றீங்க.”

செங்கோடன் மகளை ஏறிட்டுப் பார்த்தார். ஹெட்போனை அவரே சரிசெய்து மாட்டிக்கொண்டார். இந்த முறை, மேக்னாவைப் பார்க்காமல் இருக்க, திருப்புளி பிடித்து நிற்கும்போது செய்வதுபோலவே கண்ணை மூடிக்கொண்டார்.

சோதனை மறுபடி தொடங்கியது. பெரிய சத்தத்துக்கு அமுக்கினார். அடுத்ததற்கும் அமுக்கினார். அப்புறம் மேக்னா சன்னமான ஒலிகளுக்குப் போனாள். பேரிங் கத்துகிறது என்கிறார்களே, அந்த மாதிரி மெல்லிய கீச்சு. மேக்னாவின் விரல் மிஷினில் ஏறிக்கொண்டே போனது. அப்பாவின் கை மடியில் கிடந்தது. கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அது அசையவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. இடது காதுக்கு மாற்றினாள். அப்போதும் அசையவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிரீத்திகா அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை அது அமுக்கிவிடாதா என்று இருந்தது அவளுக்கு. அவர் அமுக்கவில்லை. கேட்காததற்குக் கேட்கவில்லை என்றே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு காதுக்கும் மிஷின் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வராந்தாவுக்கு வந்ததும் செங்கோடன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். வழக்கம்போல ஸ்பீக்கர், வழக்கம்போல முழுச் சத்தம். வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தத்தைக் குறைக்கப் பிரீத்திகாவின் கை போனது; பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

“தம்பி, நான் செங்கோடன் பேசறனுங்க.”

“சொல்லுங்கண்ணா, முட்டி எப்படிங்க இருக்குது?”

“முட்டியெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. எனக்குக் காது கேக்கறதில்லீங்க. அதனாலதானுங்க நின்னேன்.”

“அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா. உங்களுக்கு நல்லாத்தானே கேக்குது!”

“கேக்கலீங்க தம்பி” என்றார் செங்கோடன் இன்னும் உரக்க. “பதினொரு மோட்டாரு மாத்தியிருக்கறீங்க. இப்ப காதுக்கு மிசின் வெக்கப் போறனுங்க. வெச்சுட்டு வேணும்னா வாரனுங்க. ஆனா ஒண்ணு. நான் பொட்டு வெச்சத ஆசிப்பு எனக்கு முன்னாலயே ஓட்டிப் பாக்கோணும். தப்புன்னா எம்பட மொகத்துக்கு நேராச் சொல்லோணும். உங்களால அப்படிச் சொல்ல முடியும்னா வாரனுங்க. முடியாதுன்னா நான் நின்னது நின்னதுதானுங்க.”

அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. செங்கோடன் போனைப் பார்த்தார். வலது காதில் வைத்தார். இடது காதுக்கு மாற்றினார். பிறகு மகளிடம் திரும்பினார்.

“தம்பி பேசறாரா கண்ணு, எனக்குத்தான் கேக்கலியா?”

அவர் இப்படிக் கேட்டு அவள் கேட்டதே இல்லை.

“அவரு இன்னும் ஒண்ணும் பேசலீங்கப்பா” என்றாள் பிரீத்திகா.

“செரி” என்று சொல்லிவிட்டு அவர் போனை வலது காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.